அம்மாவின் வீட்டை இப்போதே பெயர் மாற்றலாமா?

சிப்புட் மகள்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு. தோட்டத்தை விட்டு வந்தபோது அப்பா இபிஎஃப் (சேமநிதி) காசைப் போட்டு வாங்கிய மலிவு விலை வீடு. அப்பா இல்லை, கிராண்ட் (வீட்டுப் பட்டா) இப்போது அம்மா பெயரில். அம்மாவுக்கு 76 வயது. பிள்ளைகள் நாலு பேர். பெரியண்ணன், "இப்பவே என் பேருக்கு மாத்திட்டா பின்னாடி அலைய வேண்டாம்" என்கிறார். "அவன் சொன்னா சரி" என்கிறார் அம்மா. எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை.

தாமான்காரன்:
அண்ணன் சொல்வது நியாயம்தான் தங்கச்சி. எங்கள் தாத்தாவின் மூன்று ஏக்கர் ரப்பர் நிலம் இன்றும் அவர் பெயரில்தான் கிடக்கிறது. பிள்ளைகளில் மூன்று பேர் போய்விட்டார்கள். இப்போது பேரன் பேத்தி என்று பத்தொன்பது பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. நிலம் லாலான் புல் மண்டிக் கிடக்கிறது. பெற்றோர் பிள்ளைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் 2023 ஏப்ரலிலிருந்து முதல் 10 லட்சம் வெள்ளிக்கு (ரிங்கிட்) முத்திரை வரியும் இல்லை. அம்மா இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

பழைய லயம்:
தம்பி, பெயர் மாற்றும் பாரம் 14ஏ பதிவாகிவிட்டால் அந்த வீட்டில் அம்மா யார்?

எங்கள் அத்தை 31 வருஷம் ரப்பர் பால் வெட்டியவர். பெயர் மாற்றக் கைரேகை வைக்கப் போனபோது கட்டைவிரலில் ரேகையே இல்லை, மெஷின் எடுக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து அழுத்திப் பார்த்தார்கள். பக்கத்தில் நின்றது நான்தான். வீடு மகன் பெயருக்குப் போனது. அவன் கெட்டவன் இல்லை. வியாபாரத்துக்கு அடகு வைத்தான், வியாபாரம் படுத்தது, வீடு ஏலத்துக்குப் போனது. கடைசி இரண்டு வருஷம் அத்தை மகள் வீட்டு ஹாலில் பாய் போட்டுப் படுத்தார். பிள்ளை நல்லவனாக இருந்தால் மட்டும் போதாது. அவன் கடன்காரனும் நல்லவனாக இருக்க வேண்டும்.

சிப்புட் மகள்:
அப்போ ஒன்றும் செய்யாமல் விட்டுவிடலாமா அண்ணே?

கிராணி பேரன்:
விடக்கூடாது அக்கா. உயில் எழுதுங்கள். இல்லாவிட்டால் 1958 பகிர்வுச் சட்டப்படி நாலு பேருக்கும் சம பங்கு. கூட இருந்து மருந்து கொடுத்தவருக்கும் தீபாவளிக்கு மட்டும் வருபவருக்கும் ஒரே கணக்கு.

ஆனால் சாட்சியில் கவனம். எங்கள் மாமா கூடவே இருந்த மகளுக்கு வீடு என்று பள்ளிக்கூட நோட்டுத் தாளில் எழுதிவைத்தார். சாட்சி இருவர்: பக்கத்து வீட்டுக்காரர், அந்த மகளின் கணவர். பங்கு பெறுபவரின் கணவரோ மனைவியோ சாட்சி போட்டால் அந்தப் பங்கு செல்லாது. வீடு ஐந்து பேருக்கும் பிரிந்தது.

தாமான்காரன்:
உயில் இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் (உயிலை நிறைவேற்ற அனுமதி) வாங்க வேண்டும், வக்கீல் செலவு இருக்கிறது. அதையும் சொல்லுங்கள் தம்பி. உயில் இல்லாத சொத்து, 50 லட்சம் வெள்ளிக்குள் இருந்தால், 2024 ஜூலையிலிருந்து நில அலுவலகத்திலேயே பிரித்துத் தருகிறார்கள்.

கிராணி பேரன்:
செலவு உண்டு அண்ணே, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் தாத்தா போனபின் இத்தனை வருஷமாக யாராவது மனு போட்டீர்களா? சிக்கல் அங்கேதான். அக்கா, தள்ளிப்போடாதீர்கள். மறதி முற்றிவிட்டால் உயிலும் எழுத முடியாது, பவர் ஆஃப் அட்டர்னியும் நிற்காது. அப்புறம் அம்மாவின் பணத்தைத் தொடவே உயர் நீதிமன்றம் போக வேண்டியிருக்கும்.

சிப்புட் மகள்:
நேற்று கிராண்டை எடுத்துப் பார்த்தேன். மாநில அரசின் ஒப்புதல் இல்லாமல் கைமாற்றக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறது. அண்ணனுக்கே அது தெரியாது.

அம்மா தனியாக முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "நான் கண்ணை மூடுற வரைக்கும் சாமி மேடை இங்கேயே இருக்கணும். அப்புறம் சின்னவனுக்குக் கொடுங்க, அவனுக்குத்தான் வீடு இல்ல" என்றார். இதுவரை நாங்கள் யாருமே அவரிடம் கேட்கவில்லை. அண்ணனிடமும் சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபம்தான். ஆனாலும் வெள்ளிக்கிழமை வக்கீலிடம் கார் ஓட்டுவது அவர்தான்.

தாமான்காரன்:
என் எண்ணம் மாறவில்லை தங்கச்சி. ஆனால் அம்மாவே சொன்னபின் நான் பேச ஒன்றுமில்லை. சாட்சிக்கு உறவில்லாத ஆள் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஈப்போவிலிருந்து வருகிறேன்.