எத்தனை முறை துடைத்தாலும் டயப்பர் மெத்தையில் மூத்திர நாற்றம்: என்ன செய்வது?

செந்தூல் அம்மா:

வணக்கம். மகனுக்கு மூன்றரை மாதம். டயப்பர் மாற்றுவதற்கென்றே ஒரு மெத்தை வாங்கி, இழுப்பறை அலமாரியின் மேல் போட்டிருக்கிறோம். இரண்டு பக்கமும் கரை உயர்ந்து, நடுவே பள்ளமாக, குறுக்கே ஒரு வார் வைத்த வகை. உள்ளே ஸ்பாஞ்சு, அதற்கு ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை, அதன் மேல் மாட்டிக்கொள்ள ஒரு துண்டுத் துணி உறை.

இரண்டு வாரமாக அதிலிருந்து மூத்திர வாடை. துணி உறையைத் தினமும் துவைக்கிறேன். பிளாஸ்டிக்கைச் சோப்பு நீரால் துடைக்கிறேன். நேற்று வினிகரும் தெளித்துப் பார்த்தேன். காய்ந்ததும் முகர்ந்தால் ஒன்றுமே இல்லை. பிள்ளையைப் படுக்க வைத்த மறு நிமிடம் குப்பென்று அடிக்கிறது. கணவருக்குத் தெரியவே இல்லையாம். அவருடையது சளி மூக்கு, அவரை விட்டுவிடுங்கள்.

எங்கள் வீடு 17-ஆம் மாடியில் இருக்கிறது. பால்கனிக்குக் காலை ஒன்பதரை மணி வரைதான் வெயில். சாயங்காலம் ஆனால் இடியும் மழையும். மெத்தையைக் காய வைப்பதென்பதே பெரும்பாடு.

இன்னொன்று. பிள்ளையின் முதுகில் பொடிப்பொடியாகச் சிவந்திருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா? இன்று இரவு வெளுப்புத் திரவத்தை ஊற்றி ஊற வைக்கலாம் என்று எண்ணியிருக்கிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஆய்வகத்துக்காரன்:

சகோதரி, அந்தப் புட்டியை மூடி வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

வீட்டில் துணி வெளுக்கப் பயன்படுத்தும் குளோரின் திரவம் மூத்திரத்தில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின் என்ற வாயு வரும். கண்ணும் தொண்டையும் எரியும், மூச்சு முட்டும். போதாததற்கு நேற்று வினிகர் வேறு தெளித்திருக்கிறீர்கள். அமிலமும் அந்தத் திரவமும் கலந்தால் குளோரின் வாயுவே வெளிவரும். அடைத்த அறையில், கைக்குழந்தை இருக்கும் வீட்டில், இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். கழிப்பறை கழுவும்போதும் இதே கணக்குதான், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வாடைக்கு வருகிறேன். புது மூத்திரத்துக்கு அவ்வளவு நாற்றம் கிடையாது. அதிலுள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும். அதற்கு ஈரமும் வெதுவெதுப்பும் நேரமும் வேண்டும். நம் ஊரில் இந்த மூன்றுக்கும் பஞ்சமா? நீங்கள் மேற்பரப்பைத்தான் துடைக்கிறீர்கள். மூத்திரம் அங்கே இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

தங்கை, பையன் என்கிறாயா? அப்படியானால் பாதி விடை அதிலேயே இருக்கிறது.

எனக்கு இரண்டும் பையன்கள். டயப்பரைத் திறந்து காற்றுப் பட்டதும் நீரூற்று மாதிரி மேலே பீய்ச்சுவார்கள். அது நடுப் பள்ளத்தில் விழுந்தால் தொல்லையில்லை, துடைத்துவிடலாம். கரையின் உச்சியில் விழுந்தால் வெளிப்பக்கமாக வழிந்து அடியில் இருக்கிற தையலுக்குப் போய்விடும். மேலுறை நனைந்ததை மட்டும் பார்த்து, கழற்றித் துவைத்துப் போட்டுக்கொண்டே இருப்போம். அடியில் யார் பார்க்கிறார்கள்!

பிளாஸ்டிக்கில் தண்ணீர் இறங்காது, உண்மைதான். தையல் போட்ட இடமெல்லாம் ஊசித் துளை. ஜிப்போ மொத்தமாகவே ஓட்டை. உள்ளே ஸ்பாஞ்சு ஒருமுறை குடித்தால் நீ எத்தனை முறை மேலே துடைத்தாலும் பயனில்லை. பிள்ளை படுக்கும்போது மட்டும் வாடை வருகிறது என்றாயே, அதுதான் சாட்சி. அவன் எடை அழுத்தும்போது உள்ளே இருக்கிற காற்று துருத்தி மாதிரி தையல் வழியாக வெளியே வருகிறது.

ஒன்று செய். மெத்தையைக் கவிழ்த்துப் போடு. ஜிப் ஓரமாக ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்து, உள்ளங்கையால் முழு பலத்தோடு அழுத்தி நூறு வரை எண்ணு. பிறகு எடுத்துப் பார்த்துச் சொல்.

பட்டர்வொர்த் பாட்டி:

இதற்கெல்லாம் மெத்தையா? என் மருமகளும் இப்படி ஒன்று வாங்கினாள். இப்போது அதில் எங்கள் வீட்டுப் பூனை படுத்திருக்கிறது. பூனைக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது, பொய் சொல்லக்கூடாது.

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒரு ரப்பர் விரிப்பு, அதன் மேல் தாத்தாவின் பழைய வேட்டியை நான்காக மடித்துப் போடுவோம். வேட்டி நனைந்தால் உருவி வாளியில் போட்டுவிட்டு அடுத்ததை விரிப்போம். ரப்பர் விரிப்பை ஒரு சொம்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டால் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். இடுக்கும் கிடையாது, தையலும் கிடையாது, வாடை எங்கே போய் ஒளியும்?

பிள்ளையைக் குளிப்பாட்ட எப்படிக் கால் நீட்டி உட்காருவோமோ, அதே மாதிரி உட்கார்ந்து இரண்டு காலுக்கும் நடுவே பிள்ளையைக் கிடத்தித் துணி மாற்றலாம். எங்கும் உருண்டு போகாது.

தாமான் மெலாத்தி அப்பா:

நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்துக் கெட்டவன். முதியவர்களுக்குப் படுக்கையில் போடும் நீர் உறிஞ்சும் விரிப்பு மருந்துக் கடைகளில் கிடைக்கும், 60-க்கு 90 சென்டிமீட்டர். பிள்ளைகளுக்கென்று விற்பதை விட மலிவு. அதைச் சிக்கனமாகப் பாதியாக வெட்டினேன். உள்ளே இருந்த ஜெல் மணிகள் ஜவ்வரிசி மாதிரி கட்டில், தரை, என் சட்டைப் பை வரைக்கும் சிதறின. வெட்டாதீர்கள். முழுதாகப் போட்டுக்கொள்ளுங்கள். கோயில், திருமணம், பத்துமலைத் தைப்பூசம் போன்ற இடங்களுக்கு மிகவும் உதவும், மாற்றிய பிறகு சுருட்டிக் குப்பையில் போட்டுவிடலாம். வீட்டில் தினமும் பயன்படுத்தினால் குப்பையும் செலவும் கூடிக்கொண்டே போகும்.

பாட்டி சொன்ன தரை எனக்கு ஆகாது. இடுப்பு வலி. மனைவிக்கு அறுவை சிகிச்சை செய்து பிறந்த பிள்ளை என்பதால் முதல் இரண்டு மாதம் அவளாலும் குனிய முடியவில்லை. ஆகவே மேசை உயரத்துக்கும் ஒரு நியாயம் இருக்கிறது.

இரவுப் பணித் தாதி:

அந்த உயரத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மூன்றரை மாதம் என்றால் எந்த நாளிலும் முதன்முறையாகப் புரளக்கூடும். நேற்று வரை புரளவில்லை என்பதை நம்ப முடியாது. அந்த வார் ஒரு கூடுதல் காவல், அவ்வளவுதான். ஒரு கை எப்போதும் பிள்ளையின் மேல் இருக்க வேண்டும். ஈரத்துடைப்பான், களிம்பு, புது டயப்பர் மூன்றையும் மற்றக் கைக்கு எட்டும் இடத்தில் எடுத்து வைத்த பிறகே டயப்பரைத் திறங்கள். கீழே விழுந்த பிள்ளைகளைத் தூக்கி வருகிற பெற்றோர் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "இப்படித் திரும்பினேன், அதற்குள்..."

முதுகில் இருப்பது வேர்க்குருவாக இருக்கலாம். பிளாஸ்டிக் மேல் படுத்தால் வியர்வை போக வழியில்லை. துண்டுத் துணி உறை தடிமனாக இருந்தால் அதுவும் சூட்டைப் பிடித்து வைக்கும். மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும். பவுடர் தூவாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகும். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ, இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டாலோ, தாய்சேய் கிளினிக்கில் காட்டுங்கள்.

ஒரு கேள்வி. டயப்பர் மாற்றும்போது மட்டுமா அந்த மெத்தையில் படுக்கிறான், அல்லது அங்கேயே தூங்கவும் விடுகிறீர்களா?

செந்தூல் அம்மா:

தாதி அக்கா, பிடித்துவிட்டீர்கள். பகலில் சில நாள் அதிலேயே தூங்கிப்போவான். எழுப்ப மனம் வராமல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா, நூறு வரை எண்ணினேன். காகிதம் ஓரமெல்லாம் மஞ்சள். ஈரம் வேறு. ஜிப் கால்மாட்டில், அடிப்பக்கமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன அதே வழி.

இரவுப் பணித் தாதி:

அங்கே தூங்க விட வேண்டாம், நீங்கள் பக்கத்தில் இருந்தாலும். தூங்குவதற்குக் கெட்டியான, சமதளமான படுக்கைதான் வேண்டும். உயர்ந்த கரையில் முகம் சாய்ந்தால் மூச்சு அடைபடும். வேர்க்குருவுக்கும் காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் அக்கா:

ஜிப்பைத் திறந்து பார். ஸ்பாஞ்சில் மஞ்சள் மட்டும்தான் என்றால் தொட்டியில் போட்டு மிதித்து அலசி, மின்விசிறிக்கு முன்னால் நிறுத்திக் காய வைக்கலாம். ஆனால் கோலாலம்பூர் ஈரக்காற்றில் அவ்வளவு கனமான ஸ்பாஞ்சு நடுப்பகுதி வரை காய நான்கு நாள் ஆகும், அதற்குள் வேறு நாற்றம் வந்துவிடும். கறுப்புப் புள்ளி இருந்தால் யோசிக்காதே, தூக்கி எறி. பூஞ்சை வேர்விட்ட ஸ்பாஞ்சைக் கழுவித் திருத்த முடியாது.

புதிதாக வாங்குவதானால் தட்டையான விரிப்பாக வாங்கு. மேலே பருத்தி, அடியில் நீர் இறங்காத படலம் ஒட்டியது. இரண்டு வேண்டும், ஒன்று கொடியில், ஒன்று கட்டிலில். கடையில் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார், நடுவில் தையல் ஓடினால் வேண்டாம். பூப்போட்ட அழகுத் தையல் போட்டதெல்லாம் நமக்கு எதிரி. துணி மென்மையாக்கும் திரவம் ஊற்றாதே, பருத்தி நீர் குடிக்காமல் போகும். இஸ்திரியும் வெளுப்புத் திரவமும் படலத்தைக் கெடுத்துவிடும். மலக்கறை மஞ்சளாக நின்றால் துவைத்து ஈரத்தோடு உன் காலை வெயிலில் போடு, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளையின் கறை வெயிலில் தானாக மங்கும். டயப்பர் களிம்பில் துத்தநாகம் இருந்தால் அது துணியில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டு தண்ணீரைத் தள்ளும், கை துடைக்க வேறு துணி வைத்துக்கொள்.

பையனுக்கு இன்னொரு வித்தை. டயப்பரின் முன்பக்கத்தை உடனே இழுத்து எடுக்காதே. கொஞ்சம் திறந்து காற்றுப் பட விட்டு, மறுபடி மூடி, பத்து வரை எண்ணு. வருவது உள்ளேயே வந்துவிடும்.

செந்தூல் அம்மா:

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஜிப்பைத் திறந்தோம். கால்மாட்டு மூலை தேநீர்க் கறை மாதிரி பழுப்பு. அடிப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கடுகு இறைத்தது போல் கறுப்புப் புள்ளிகள். கணவர் குனிந்து பார்த்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். சளி மூக்குக்கே எட்டிவிட்டது! ஸ்பாஞ்சைக் குப்பைப் பையில் கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டார்.

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் தட்டையான விரிப்பு இரண்டு வாங்கினோம். கடைக்காரர் எதிரிலேயே வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன், கள்ள நோட்டைச் சோதிப்பது போல. அவர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. இப்போது கட்டிலின் நடுவில் விரித்து, மேலே ஒரு பழைய கைலித் துணி போட்டு மாற்றுகிறேன். முதுகுச் சிவப்பு மூன்றாம் நாளே அடங்கிவிட்டது. பத்து வரை எண்ணும் வித்தை ஐந்துக்கு மூன்று முறை பலிக்கிறது.

பட்டர்வொர்த் பாட்டிக்கு ஒரு சேதி. என் மாமியார் பரணில் இருந்து ஒரு சிவப்பு ரப்பர் விரிப்பை எடுத்துக் கொடுத்திருக்கிறார், என் கணவருக்குப் போட்டதாம். ஒட்டிப் பிசுபிசுக்கிறது, அதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் நீங்கள் சொன்னபடி தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நடுவே பிள்ளையைக் கிடத்தி மாற்றிப் பார்த்தேன். அழவே இல்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தான். பிள்ளையோடு எழுந்திருக்கத்தான் கணவரைக் கூப்பிட வேண்டியிருந்தது.