மணல் ஈ தேடிப் போன அனுபவம்

மணல் ஈ கணக்கெடுப்புக்குப் போனவங்க எழுதுங்கன்னு கேட்டதால எழுதறேன். நான் போனது பீகார், சாரன் மாவட்டம். மணல் ஈ கடிச்சுப் பரவுற காலா அசார் அங்க வெறும் பாடப்புத்தக நோய் இல்லை. வாரக்கணக்கா விடாத காய்ச்சல், மண்ணீரல் வீங்கி வயிறு முன்னுக்கு வந்த பிள்ளைங்க, இதெல்லாம் ஊர்ப் பெரியவங்க எல்லாருக்கும் தெரியும். (அந்த நோயை உண்டாக்கற ஒட்டுண்ணி லீஷ்மேனியா டொனவானி. அந்தப் பேர்ல இருக்கிற 'டொனவானி', 1903ல நம்ம சென்னைப் பொது மருத்துவமனையில அதைப் பார்த்த டொனவன் டாக்டரோட பேர்தான்.)

மணல் ஈயை அங்க பாலு மக்கின்னு சொல்றாங்க. ரெண்டு மூணு மில்லிமீட்டர்தான். உட்காரும்போது இறக்கை ரெண்டும் மேல தூக்கி நிக்கும். சத்தமே வராது. சுவர்ல தத்தித் தத்திப் போகும், ரொம்ப தூரம் பறக்காது. அதனாலதான் 'இந்த ஊர்ல இருக்கு'ன்னு எழுதினா பத்தாது. எந்தத் தெரு, எந்தச் சுவர்னு தெரியணும்.

சாயங்காலம் ஆறு மணிக்கு, வெளிச்சத்தால ஈயை இழுத்துப் பிடிக்கிற லைட் ட்ராப் கட்டுவோம், விடிஞ்சு ஆறு மணிக்கு அவிழ்ப்போம். அப்புறம் டார்ச்சும், ஈயை உறிஞ்சிப் பிடிக்கிற குழாயுமா வீடு வீடா போகணும். ஒரு வீட்ல நான் மேல்சுவரையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்த வீட்டம்மா ஒண்ணும் பேசாம மாட்டுக்கொட்டகைக்குக் கூட்டிட்டுப் போய், தீவனத் தொட்டிக்குப் பின்னாடி கையைக் காட்டினாங்க. ஈர மண், சாணி ஒட்டின விரிசல். அந்த ஒரு மூலையில மட்டும் 17 பிடிச்சேன்.

வீடுகளை வரைபடத்துல புள்ளி வெச்சப்போ, ஈ அதிகமா கிடைச்சதெல்லாம் கொட்டகை ஒட்டின ஒரே வரிசை. மருந்து அடிக்க வந்தவங்க படுக்கையறையோட திரும்பியிருக்காங்க. கொட்டகைச் சுவர்லயும் ஆறு அடி உயரத்துக்கு அடிக்கணும்னு விதி இருக்கு. அந்த வரைபடத்தைக் காட்டினப்புறம்தான் அந்த வரிசையில அடிச்சாங்க. இப்ப நினைச்சாலும் மனசு ஆறலை.

பதில்:

நான் அனுராதபுரப் பக்கம். எங்கட கதை வேற. அதே இன ஈ, அதே டொனவானி, ஆனா இங்க பெரும்பாலும் தோலிலதான் புண் வரும். 1992ல அம்பாந்தோட்டை மாவட்டத்தில உள்ளூர்லயே தொற்றின முதல் ஆளைப் பதிஞ்சவை. எனக்கு முழங்கையில சின்னப் பரு மாதிரி வந்தது. நோகேல்லை, அரிக்கேல்லை, ஏழு மாசம் பேசாம இருந்திட்டன். பிறகு கிழமைக்கு ஒருக்கா புண்ணுக்குள்ளயே ஊசி. அது நல்லா நொந்தது.

விசாரிக்க வந்த சுகாதாரப் பரிசோதகர் வீட்டைப் பார்க்க முதல் என்னட்டைக் கேட்டது, "பின்னேரத்தில எங்க இருப்பீங்கள்?" எண்டுதான். வயல் கரையில, கறையான் புற்றுக்குப் பக்கத்தில எண்டன். அவர் வரைபடத்தில குறிச்சது அந்தப் புற்றை. வீட்டுக்குள்ள மட்டும் மருந்து அடிச்சிருந்தா என்னை எப்பிடிக் காப்பாத்தியிருக்கும்?

பதில்:

ஐயா, எங்க படிவத்துல வீடு, கொட்டகைன்னு ரெண்டே கட்டம்தான், புற்றுக்கு இடமே இல்லை. நீங்க உட்கார்ந்த இடத்துக்கும் புற்றுக்கும் எத்தனை அடி இருக்கும்? சுத்தி இலைச்சருகு, மாட்டுச் சாணி ஏதாவது கிடந்துச்சா?