மழை நாளில் கரண்ட் அடுப்பு போட்டால் ஆர்சிசிபி டிரிப் ஆகிறது – ஏற்காடு

சேர்வராயன்:
வீடு ஏற்காட்டில். ஓவனோடு சேர்ந்த காயில் அடுப்பு, 3 கிலோவாட். தனி லைன்: 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்). வீடு முழுக்க ஒரே ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்), 40 ஆம்பியர், கசிவு அளவு 30 மில்லி ஆம்பியர். மழைக்காலத்தில் ஓவன் போட்டு ஐந்து நிமிஷத்தில் டிரிப் ஆகி வீடே இருட்டாகிறது. எலக்ட்ரீஷியன் 100 மில்லி ஆம்பியர் மாற்றலாம், இல்லையென்றால் ஆர்சிசிபியைக் கழற்றி நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்கிறார். செய்யலாமா?

அம்மாபேட்டை ஒயர்மேன்:
இரண்டுமே வேண்டாங்க. மலையில் பாறை நிலம், எர்த் நல்லா கிடைக்காது. எர்த் 50 ஓம் என்று வையுங்க. அடுப்பு பாடியில் பேஸ் பட்டால் ஓடுவது அதிகபட்சம் 230 / 50, அதாவது 4.6 ஆம்பியர். 20 ஆம்பியர் சி டைப் எம்சிபி உடனே விழ 100 ஆம்பியராவது வேணும். அது விழவே விழாது. பாடியில் கரண்ட் நின்னுக்கிட்டே இருக்கும். அங்கே உயிரைக் காப்பாத்துறது அந்த 30 மில்லி ஆம்பியர் மட்டும்தான். 100 என்பது தீ விபத்துக்கான காவல், ஆள் தொட்டால் அதை நம்ப முடியாது.

கோளாறு பெரும்பாலும் ஓவன் எலிமென்டில்தான். குழாய்க்குள்ளே இருக்கும் மெக்னீசியம் ஆக்சைடு பவுடர் ஈரத்தை உறிஞ்சும். சூடு ஏற ஏற கசிவு கூடும், அதனால்தான் போட்டவுடனே விழாமல் கொஞ்ச நேரம் கழிச்சு விழுது. பிளக்கைப் பிடுங்கிட்டு, பிளக்கின் பேஸ், நியூட்ரல் பின் இரண்டையும் சேர்த்து எர்த் பின்னோடு 500 வோல்ட் மெக்கரில் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) பாருங்க. அடுப்பின் சுவிட்சுகள் எல்லாம் ஆனில் இருக்கணும், இல்லைன்னா எலிமென்ட் வரைக்கும் மெக்கர் போகாது. டிஜிட்டல் டைமர் இருந்தா அதை முதல்ல கழட்டிடுங்க. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எலிமென்ட்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் தனியாப் பாருங்க. மோசமானதை வெளியே எடுத்து 110–120 டிகிரியில் சில மணி நேரம் காயவெச்சு, சூடு ஆறினதும் திரும்ப அளந்து, முனைகளை வெப்பம் தாங்கும் சிலிக்கானால் அடைக்கணும். அப்பவும் ஏறலைன்னா புது எலிமென்ட்தான்.

சேர்வராயன்:
நன்றிங்கண்ணா. இன்னொன்று: அடுப்பின் சுவர் சுவிட்சை ஆஃப் செய்தாலும், வீட்டில் வேறு ஹீட்டர் போட்டால் சில நாள் ஆர்சிசிபி விழுகிறது. அடுப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டால் விழுவதில்லை.

அம்மாபேட்டை ஒயர்மேன்:
அப்போ சந்தேகமே இல்லை. சுவிட்ச் பேஸை மட்டும்தான் வெட்டுது, நியூட்ரல் எலிமென்ட் வழியா எர்த்தைத் தொட்டுக்கிட்டு இருக்கு. ஹீட்டர் லோடு ஏறினால் நியூட்ரலில் சில வோல்ட் வரும், அது கசிஞ்சு ஆர்சிசிபி விழுது. அடுப்புக்கு 20 ஆம்பியர் டிபி சுவிட்ச் (பேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டுவது) மாத்துங்க.

சூரமங்கலம் பேனல்:
அடுப்பு லைனுக்குத் தனியாக ஆர்சிபிஓ (ஆர்சிசிபியும் எம்சிபியும் ஒன்றாகச் சேர்ந்தது) போடுங்கள்: 20 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர், டபுள் போல், ஐஎஸ் 12640 பகுதி 2 முத்திரை உள்ளது. இண்டக்ஷன் அடுப்பும் அதே லைனில் வருமென்றால் ஏ டைப் கேளுங்கள். ஏசி டைப் ஆர்சிபிஓ இண்டக்ஷன் அடுப்பின் எலக்ட்ரானிக்ஸிலிருந்து வரும் கசிவைச் சரியாக உணராது.

இணைப்பில்தான் பலரும் தவறுகிறார்கள். இந்த லைனைப் பழைய ஆர்சிசிபிக்கு முன்னாலேயே, மெயினிலிருந்து எடுக்க வேண்டும். அதற்குப் பின்னால் போட்டால் இரண்டும் 30 என்பதால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது, வீடு மறுபடி இருட்டுதான். அடுப்பின் நியூட்ரல் ஆர்சிபிஓவின் அவுட்புட்டிலிருந்து நேராக சாக்கெட்டுக்குப் போக வேண்டும். பொது நியூட்ரல் பாரில் சேர்த்தால் அடுப்பு போட்ட கணமே விழும், எலிமென்ட் மேல் வீண்பழி வரும்.

டெஸ்ட் பட்டனை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழுத்துங்கள். அது உள் இயக்கத்தை மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பி அறுந்திருந்தாலும் அழுத்தினால் விழும். அதனால் எர்த் பிட்டை எர்த் டெஸ்டரில் தனியாக, கோடையில் மண் காய்ந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். மழையில் அளந்தால் நல்ல ரீடிங் வந்து ஏமாற்றும்.