பனங்கட்டி சீனி இல்லையாம்: கண்டிடாப் பத்தியம் பற்றி ஒரு கேள்வி

கோண்டாவில் பாமசி:
சுன்னாகத்தான் அண்ணை இங்கே போட்ட பத்தியத்தை வாசித்ததிலிருந்து எரிச்சல் தீரவில்லை. கண்டிடாப் பூஞ்சை உடம்பில் பெருகினால் சோர்வு, வயிற்றுப் பொருமல், தலையிடி எல்லாம் வருமாம். விடிய எழும்பித் தண்ணீர்க் கிளாசில் துப்ப வேண்டுமாம், எச்சில் நூல்நூலாக இறங்கினால் நோய் உறுதியாம். சீனி, பாண், தோசை, கள்ளு எல்லாவற்றையும் மூன்று மாதம் விட்டுவிட்டு, இனிப்புக்குப் பனங்கட்டி மட்டும் கடித்தால் வேரோடு போய்விடுமாம். துப்பல் கதையை விடுவம், நல்ல சுகதேகியின் எச்சிலும் அப்படி இறங்கும். பனங்கட்டி சீனி இல்லை என்று எப்படிச் சொன்னீர்கள்? அதில் பெரும்பங்கு சுக்குரோசு. கடைச் சீனியும் அதேதான்.

சுன்னாகத்தான்:
குளிசை விற்கிறவருக்குப் பனங்கட்டி கசக்கத்தானே செய்யும். எங்கள் அப்பு கடைசிக் காலம் மட்டும் பனங்கட்டி கடித்துத்தான் தேத்தண்ணி குடித்தவர். அவருக்குச் சலரோகமும் இல்லை, பூஞ்சையும் இல்லை. என் மனைவிக்குத் திரும்பத் திரும்ப வந்த கடி (அரிப்பு) இந்தப் பத்தியத்தால்தான் நின்றது. இரும்பும் கல்சியமும் உள்ள பண்டத்தை வெள்ளைச் சீனியோடு சேர்க்காதீர்கள்.

கோண்டாவில் பாமசி:
கல்சியம் எங்கேயிருந்து வந்தது? பனையில் சாறு பிடிக்கக் கட்டும் முட்டிக்குள் தடவும் சுண்ணாம்பிலிருந்தும்தான். ஏன் தடவுகிறார்கள்? தடவாவிட்டால் மதுவம் (யீஸ்ட்) புகுந்து, மரத்தால் இறக்க முன்னமே கருப்பணி (புளிக்காத பனஞ்சாறு) கள்ளாக மாறத் தொடங்கிவிடும். மதுவம் அவ்வளவு ஆசையாகத் தின்னும் சாற்றைக் காய்ச்சி இறுக்கிப் பனையோலைக் குட்டானில் ஊற்றினால் பனங்கட்டி. பூஞ்சையைப் பட்டினி போட இதையா சாப்பிடச் சொல்கிறீர்கள்?

நல்லூர் நேர்ஸ்:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கோ. எந்தக் கண்டிடாவைப் பற்றிக் கதைக்கிறீர்கள்? வாயில் வெள்ளை படிவதா, பெண்களுக்கு வரும் கடியும் வெள்ளைபடுதலுமா, தோல் மடிப்பில் வருவதா? கண்டிடா பெரும்பாலானோரின் குடலில் கொஞ்சம் இருக்கும். பெண்களுக்கு வருடத்தில் மூன்று தரமோ கூடவோ வந்தால்தான் திரும்பத் திரும்ப வருவது என்று எடுப்போம். அப்போது முதலில் சலரோகம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் என்ற சலரோகக் குளிசைகள் சீனியைச் சலத்தோடு வெளியேற்றுவதால் அந்த இடத்தில் பூஞ்சை வரும். அன்டிபயோட்டிக் எடுத்த பிறகும் வரும். சுவாப் (பஞ்சுக்குச்சியால் மாதிரி) எடுத்து உறுதிப்படுத்தினால் பூஞ்சைக்குரிய புளுக்கொனசோல் குளிசை 150 மில்லிகிராம் மூன்று நாளுக்கு ஒன்றாக மூன்று, பிறகு கிழமைக்கு ஒன்று ஆறு மாதம். கர்ப்பிணிகள் அதைக் குடிக்கக் கூடாது, பூசுமருந்துதான். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் சலரோகத்துக்குக் கிளிக்கிளசைட் எடுப்பவர்களும் டொக்டரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம்.

சுன்னாகத்தான்:
அக்கா நல்லாய் எழுதினீர்கள். ஆனால் பனங்கட்டி கூடாது என்று நீங்களும் சொல்லவில்லை, கவனியுங்கோ பாமசி.

ஸ்காபரோ தம்பி:
இங்கே கனடாவில் என்னுடைய இயற்கை வைத்தியர் சுன்னாகத்தான் அண்ணை சொன்ன பத்தியத்தைத்தான் தந்தவர். வில்லியம் குரூக் என்ற அமெரிக்க வைத்தியர் 1980களிலேயே இதை எழுதிவிட்டார். ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்னும் வந்து சேரவில்லைப் போல.

கோண்டாவில் பாமசி:
வந்து சேர்ந்தது தம்பி, அதற்கான மறுமொழியும் சேர்ந்தே வந்தது. 1990இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சோதனை வெளிவந்தது. இந்த நோய் இருப்பதாகக் கருதிய 42 பெண்களுக்கு நிஸ்டட்டின் என்ற பூஞ்சை மருந்தும் வெற்று மருந்தும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். பெண்ணுறுப்புக் கடிக்கு நிஸ்டட்டின் கேட்டது. சோர்வு, மனச்சோர்வு போன்ற மற்றவற்றுக்கு வெற்று மருந்தைவிடக் கூடுதலாக ஒன்றும் செய்யவில்லை. குரூக்கின் பத்தியத்தில் இனிப்பே கூடாது. பனங்கட்டிக்கு இடம் தந்தது உங்கள் சுன்னாகத்தான் மட்டும்தான்.

சுன்னாகத்தான்:
சரி, கள்ளில் இருக்கும் மதுவமும் கண்டிடாவும் ஒன்றா? இல்லை. வேறு வேறு இனம். பிறகு என்னத்துக்குக் கருப்பணிக் கதை? நல்லெண்ணெய் கொப்பளிப்பு விவாதத்திலும் நீர் இப்படித்தான் ஒன்றைக் காட்டி இன்னொன்றை நிறுவப் பார்த்தீர்.

கோண்டாவில் பாமசி:
என்னை ‘நீர்’ என்று எழுத வேண்டாம். கண்டிடாவும் குளுக்கோசைத் தின்னும். பனங்கட்டி உடம்புக்குள் போனால் குளுக்கோசும் புருக்டோசுமாக உடையும். கள்ளு மதுவத்தை நீங்கள்தான் முதலில் இழுத்தீர்கள், தோசையும் கள்ளும் கூடாது என்று. இரண்டும் வேறு இனம் என்றால் தோசையை ஏன் தள்ளினீர்கள்?

கைதடி மாணவன்:
இந்த வாக்குவாதம் முடிவில் சித்த வைத்தியத்தின் தலையில்தான் விழும், எப்போதும் அப்படித்தான். பனங்கட்டி எங்களுக்கு மருந்துக்குத் துணை. அதை வைத்துப் பூஞ்சை போகும் என்று கைதடிச் சித்த வைத்தியப் படிப்பில் எவரும் எனக்குப் படிப்பிக்கவில்லை.

கோண்டாவில் பாமசி:
சித்த வைத்தியத்தை நான் தொடவேயில்லை தம்பி. பனங்கட்டியைத்தான் கேட்கிறேன்.

நல்லூர் நேர்ஸ்:
சுன்னாகத்தான் அண்ணை, உங்கள் மனைவிக்குச் சீனி சோதித்தீர்களா? சலரோகம் இருந்து அது கட்டுப்பட்டதால்தான் கடி நின்றிருக்கலாம். இதைத்தான் முதலிலிருந்து கேட்கிறேன்.

சுன்னாகத்தான்:
அவவுக்குச் சலரோகம் இல்லை. சோதிக்க வேண்டிய தேவையும் இல்லை, ஆள் நல்ல சுகமாக இருக்கிறா. பனங்கட்டியும் சாப்பிடுகிறா.

கோண்டாவில் பாமசி:
சோதிக்காமல் இல்லை என்று எப்படித் தெரியும்? அடுத்த கிழமை கிளினிக்கில் சீனி பார்க்கக் கூட்டிக்கொண்டு போங்கோ. போகும்போது ஒரு குட்டான் பனங்கட்டியையும் கொண்டுபோய், இதில் சீனி இருக்கிறதா என்று டொக்டரிடமே கேளுங்கோ.

சுன்னாகத்தான்:
டொக்டருக்கும் ஒரு குட்டான் கொடுத்துவிட்டு வருகிறேன். பனங்கட்டி சீனி இல்லை.