மறுமொழி: லோ டைட் எலிவேஷன் – ‘வற்றத்திட்டு’ சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

> லோ டைட் எலிவேஷன் = தாழ் அலை உயர்வு

‘லோ டைட் எலிவேஷன்’ (low-tide elevation) என்ற கடற்சட்டச் சொல்லுக்கு முன்மடலில் வந்த இந்தத் தமிழாக்கத்தை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. டைட் அலை இல்லை, ஓதம்; அதாவது கடல் பெருகுவதும் வற்றுவதும். எலிவேஷன் இங்கே உயரமும் இல்லை, நிலம். கடல் வற்றும்போது தலைகாட்டி, பெருகும்போது முழுகிவிடும் இயற்கையான நிலத்துண்டு. 1982 கடற்சட்ட உடன்படிக்கையின் 13ஆம் உறுப்பு சொல்வது இதைத்தான். ‘தாழ் அலை உயர்வு’ என்று படிப்பவர், அலையின் உயரத்தை யாரோ அளக்கிறார்கள் என்றே நினைப்பார்.

இதைவிடப் பெரிய தொல்லை ‘பாறை’யில் இருக்கிறது. போன வாரம் தென்சீனக் கடல் பற்றி ஒரு கட்டுரையை மொழிபெயர்த்தபோது மாட்டிக்கொண்டேன். முதல் வரியில், சீனாவும் பிலிப்பைன்ஸும் உரிமை கோரும் ஸ்கார்பரோவைப் ‘பவளப்பாறை’ என்று எழுதியாயிற்று. நாலு பத்தி தள்ளி, பிலிப்பைன்ஸ் சீனாமீது தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று நடுவர் தீர்ப்பாயம் அதைப் ‘பாறை’ என்று தீர்ப்பளித்த செய்தி வருகிறது. பாறையைப் பாறை என்று சொல்ல ஒரு தீர்ப்பாயமா என்று படித்துப் பார்த்த வீட்டம்மா கேட்டார். கேள்வி நியாயம்தான்.

இடத்தைப் பார்த்தால் குழப்பம் தெளியும். பிலிப்பைன்ஸின் லூசோன் தீவுக்கு மேற்கே சுமார் 220 கிலோமீட்டரில் முக்கோணமாக வளைந்து கிடக்கும் பவள வளையம் அது. சுற்றளவு 46 கிலோமீட்டர், நடுவே அடைபட்ட நீர்ப்பரப்பான களப்பு, தென்கிழக்கில் படகு நுழைய ஒரு வாய். கடல் பெருகி நிற்கும்போது அவ்வளவு பெரிய வளையத்தில் வெளியே தெரிவது சில கற்கள் மட்டும். அவற்றில் ஒன்றான தென்பாறை 1.8 மீட்டர், அதாவது சற்று நெட்டையான ஓர் ஆள் உயரம். சட்டம் பாறை என்றது இந்தக் கற்களை. அவற்றைச் சுற்றி 12 கடல் மைலுக்கு ஆட்சிக்கடல் உண்டு, 200 மைல் பொருளாதார மண்டலம் (கடல் வளங்களை எடுக்கும் தனியுரிமை) கிடையாது. கற்களும் முழுகிப் போகிறவையாக இருந்திருந்தால் அந்த 12 மைலும் இல்லை.

பெயரிலேயே வழக்கு இருக்கிறது. சீனா 1983 முதல் ஹுவாங்யான் தாவ் என்கிறது. ‘தாவ்’ என்றால் தீவு. 1947இல் அதே இடத்துக்கு வைத்த பெயரில் இருந்தது ‘ஜியாவ்’, கடலடிப் பாறை. பிலிப்பைன்ஸ் வழங்கும் பாஹோ தெ மாசின்லோக் என்ற ஸ்பானியப் பெயரில் ‘பாஹோ’ என்பது ஆழமற்ற கடல். தைவானும் உரிமை கோருகிறது. நாம் ‘ஹுவாங்யான் தீவு’ என்று எழுதினால், அறியாமலே ஒரு கட்சிக்கு வக்காலத்து வாங்கியதாகிவிடும்.

அதனால் என் கருத்து: பவளப்பாறை என்று நாம் எழுதும் ரீஃபுக்குப் (reef) ‘பார்’ போதும். மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் தோலாயிரம் பார், பெரிய பார் என்றுதானே சொன்னார்கள்? ‘பவளப்பார்’ என்றால் ‘பாறை’ சட்டப் பொருளுக்கு மட்டும் என்று விடுதலையாகிவிடும். பாடநூலில் பவளப்பாறை ஊறிவிட்டது, தெரியும். பொதுக் கட்டுரையில் இருந்துவிட்டுப் போகட்டும், கடற்சட்டம் பேசும் இடத்திலாவது பிரிப்போம்.

இனி தலைப்புக்கு வருகிறேன். முன்மடலில் ஒருவர் ‘வற்றுத்திட்டு’ என்றார். வினைத்தொகை என்றால் ஒற்று மிகாது, வற்றுதிட்டு என்றாக வேண்டும். அப்போது வற்றுவது திட்டு என்று பொருளாகிவிடும். வற்றுவது கடல் அல்லவா? ஏற்றவற்றம் என்ற வழக்கிலிருந்து வற்றத்தை எடுத்தால் ‘வற்றத்திட்டு’. இலங்கையில் ஓதத்தை வற்றுப்பெருக்கு என்பதால் அங்குள்ளவர்களுக்கும் சட்டென்று புரியும்.

தென்சீனக் கடலில் உள்ள இன்னொரு பவளப்பாரான மிஸ்சீஃபை வைத்துச் சோதித்துப் பார்த்தேன்: “மிஸ்சீஃப் ஒரு வற்றத்திட்டு. சீனா அதை 1995இல் பிடித்தது, பின்னர் மணல் கொட்டி ஓடுபாதையும் போட்டது. ஆனாலும் இயற்கை நிலையில் அது வற்றத்திட்டே என்றது தீர்ப்பாயம்.” ஓடுகிறது.

தீர்ப்பில் வரும் ‘ஹை டைட் ஃபீச்சர்’தான் (high-tide feature, பெருக்கிலும் முழுகாத நிலம்) மீதி. ஏற்றத்திட்டு என்று இணையாக வைக்கலாம், ஆனால் மேட்டுநிலம் என்ற பொருள் வந்து ஒட்டிக்கொள்கிறது. பெருக்கின்போதும் முழுகாத திட்டுக்குப் பாம்பன், தூத்துக்குடிப் பக்கம் தனிச்சொல் இருந்தால் அந்தப் பக்கத்து நண்பர்கள் எழுதுங்கள்.