"இன்னும் முடிவு வரவில்லை, சார்": மேற்படிப்பு முடிவுக்குக் காத்திருந்த நாட்கள், அனுபவப் பகிர்வு

நிழல்குடை

பிஎச்.டி.க்கு அமெரிக்காவில் ஒன்பது இடங்களில் விண்ணப்பித்தவன் நான். டிசம்பர் 1, டிசம்பர் 15 என்று கடைசித் தேதிகள் முடிந்த பிறகு ஒருவன் என்ன ஆவான் என்பதை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஜனவரி முழுக்க, விண்ணப்ப நிலையைக் காட்டும் இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்தேன், மூடினேன். நான் எழுத வந்தது அதைப் பற்றி இல்லை.

பிப்ரவரி மூன்றாவது வாரம், விடியற்காலை. எனக்கு மிகவும் வேண்டிய அந்த ஓர் இடத்திலிருந்து, விண்ணப்ப நிலையில் மாற்றம் என்று மின்னஞ்சல். திறந்தேன். படிக்கவே வேண்டியிருக்கவில்லை. கடிதம் நான்கே வரி என்பது பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்று காலை பதினொரு மணிக்குத் துறையின் மாடிப்படியில் என் பேராசிரியர் எதிரே வந்தார். எனக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதியவர். ஒன்பது இடத்துக்கும், ஒரு முறைகூட நினைவூட்ட வைக்காமல். "அங்கிருந்து ஏதாவது வந்ததா?" என்றார்.

"இன்னும் முடிவு வரவில்லை, சார்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? படியில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள், அவர் கையில் விடைத்தாள் கட்டு இருந்தது, அழுதுவிடுவேனோ என்று பயம். காரணம் எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். அவர் ஒரு நொடி யோசித்தார். "அந்தத் துறையில் என்னுடன் ஆராய்ச்சி செய்தவர் ஒருவர் இருக்கிறார். இன்றே எழுதிக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வேண்டாம் சார் என்று நான் வாய் திறப்பதற்குள் கீழ்த்தளத்துக்குப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து அவரே கூப்பிட்டு, "பதில் ஒன்றும் வரவில்லையப்பா. அங்கே எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும். நீ உன் வேலையைப் பார்" என்றார். அப்போதும் நான் சொல்லவில்லை. இப்போது மார்ச் முடியப்போகிறது. வேறு ஓர் இடத்தில் கிடைத்துவிட்டது, அவரிடம் வாழ்த்தும் வாங்கியாயிற்று. மாடிப்படி மட்டும் மனத்தை விட்டுப் போக மறுக்கிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கோடைமேகம்

எனக்கு ஒரு நிறம். மஞ்சள்.

காணொளி நேர்காணல், இரண்டு பேராசிரியர்கள். இருபது நிமிடம் நன்றாகவே போனது. அப்புறம் ஒருவர் ஆய்வகப் படங்களைக் காட்டுவதாகச் சொல்லித் தன் திரையைப் பகிர்ந்தார். படங்களுக்குப் பதில் ஓர் எக்ஸெல் அட்டவணை வந்து நின்றது. மூன்று நொடி இருக்கும். பெயர்கள், எண்கள், சில வரிசை பச்சை, சில வரிசை சிவப்பு. என் பெயர் ஏழாவதோ எட்டாவதோ. மஞ்சள். "மன்னிக்கவும்" என்று மூடிவிட்டுப் படங்களைத் திறந்தார். அதற்குப் பிறகு அவர்கள் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், எதுவும் நினைவில்லை.

இன்னும் எத்தனை மஞ்சள் இருந்தன என்று எண்ணிப் பார்ப்பதே வேலையாகிவிட்டது. ஒரு நாள் நான்கு என்று தோன்றும், மறுநாள் ஆறு. கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி இருந்ததாகக்கூட இப்போது நம்புகிறேன். அதை நானே பிறகு வரைந்துகொண்டிருக்கலாம். ஐந்து வாரம் கழித்து, காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள் என்று கடிதம் வந்தது. அட்டவணையில் மஞ்சளாக இருந்ததால் இந்தப் பட்டியலா, அல்லது மஞ்சளைப் பார்த்துவிட்டுக் கடைசி ஐந்து நிமிடம் உளறியதால் இந்தப் பட்டியலா?

பழைய பென்சில்

மஞ்சள் என்றால் உதவித்தொகை வேறு கணக்கிலிருந்து வர வேண்டியவர்கள் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். உறுதி இல்லை.

மற்றவர்களுக்கு வந்த முடிவுகளைப் பார்க்காதே என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் பார்ப்பார்கள். 2022 மார்ச்சில் ஒரே இரவில் என் துறைக்கு விண்ணப்பித்த ஐந்து பேர் 'கிடைத்தது' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. ஸ்பேம் பெட்டியைக் கிளறினேன். போர்ட்டலில் அதே 'பரிசீலனையில்'. சொல்லாமல் சொல்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். இரவு இரண்டு மணி. பக்கத்தின் அடியில் 'விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுக' என்று சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான். அவர்கள் என்னை வேண்டாம் என்று சொல்லும் முன் நான் அவர்களைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. அழுத்தினேன். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றேன். காரணம் கேட்டது. தனிப்பட்ட காரணம் என்றேன்.

ஏப்ரலில் அதே துறையில் இன்னும் மூன்று பேருக்குக் கிடைத்தது. இரண்டாம் சுற்று. அந்த மூவரில் நான் ஒருவனாக இருந்திருப்பேனா என்பதை இனி யாரும் சொல்லப் போவதில்லை. நிராகரித்திருந்தால் கையில் ஒரு கடிதமாவது இருந்திருக்கும். இன்று வேறு துறையில் நன்றாகவே இருக்கிறேன், அனுதாபம் வேண்டாம். அப்படிப்பட்ட ஒரு பொத்தானுக்குச் சாம்பல் நிறம் கொடுத்தவர் யார் என்றுதான் அறிய ஆசை.

மூத்தவர்

நான் விண்ணப்பித்தது 2011-இல். சேர்க்கைச் செய்தி தொலைபேசியில் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி எடுத்து, 'தவறான எண்' என்று சொல்லி வைத்துவிட்டான். மறுநாள் மின்னஞ்சலில் வந்தது. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதியவர்களைப் பார்த்தால் சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய பென்சில் தம்பி செய்தது முழுத் தவறு. எந்தத் துறையும் எல்லா இடத்தையும் ஒரே நாளில் நிரப்புவதில்லை. முதலில் அழைக்கப்பட்டவர்கள் கையில் நான்கைந்து அழைப்பு இருக்கும், அவர்கள் ஓரிடத்தைத்தான் எடுப்பார்கள், மீதி இடங்கள் கீழே இறங்கும். பெரும்பாலும் ஏப்ரல் நடுவில்தான் இது நடக்கும். காரணம், கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானம். அந்தத் தேதிக்கு முன்னால் பதில் சொல் என்று எந்தப் பல்கலைக்கழகமும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது. ஆகவே கையில் இருப்பதை 15 வரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். அது உங்கள் உரிமை.

அடுத்தது போர்ட்டல். ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் அங்கே அலுவலகம் மூடிய பிறகு பாருங்கள். காலை எழுந்ததும் பார்த்தால் நாள் முழுவதும் போய்விடும்.

இன்னொன்று. கேட் ஸ்வீனி என்ற உளவியல் பேராசிரியர், கலிபோர்னியாவில் வழக்கறிஞர் தேர்வு எழுதிவிட்டு நான்கு மாதம் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை ஆராய்ந்தார். நல்லதையே நினைப்பது, மனத்தை வேறு பக்கம் திருப்புவது என்று அவர்கள் கையாண்ட வழிகள் எதுவும் பதற்றத்தைப் பெரிதாகக் குறைக்கவில்லை. அதோடு, காத்திருந்தபோது நன்றாகத் தவித்தவர்கள்தான் முடிவு வந்ததும் அதை நன்றாக எதிர்கொண்டார்கள். ஆகவே தவிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். அவர் குழுவின் பிந்தைய ஆய்வுகளில் கொஞ்சமாவது உதவியது, நேரம் போவதே தெரியாமல் ஒன்றிப்போகும் வேலை. தொலைக்காட்சி பார்ப்பது அந்தக் கணக்கில் சேராது, உங்கள் திறமைக்குச் சற்றே சவால் விடுவதாக இருக்க வேண்டும். நான் அந்த நாட்களில் தட்டச்சு கற்றுக்கொண்டேன்.

கடைசியாக, பேராசிரியரிடம் பொய் சொல்லக் கூடாது. மஞ்சள் என்பது வெறும் மஞ்சள்.

இரட்டைக்கிளவி

ஐயா, இங்கே கேட்டது அனுபவம். உங்கள் தம்பி 'தவறான எண்' என்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதியிருந்தால் இன்னும் சுவையாக இருந்திருக்கும்.

நானும் என் கணவரும் ஒரே துறை. ஒரே இடத்துக்கு விண்ணப்பித்தோம், அடுத்தடுத்த நாற்காலியில், ஆளுக்கொரு மடிக்கணினி. ஒரே நிமிடத்தில் இருவருக்கும் மின்னஞ்சல். என் திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் கொட்டத் தொடங்கின. சில பல்கலைக்கழகங்கள் சேர்க்கைக் கடிதத்தோடு இப்படி ஒரு வேடிக்கையும் வைத்திருக்கின்றன. அவர் திரையில் எதுவும் கொட்டவில்லை. காகிதம் கொட்டி முடியும்வரை நாங்கள் இருவரும் என் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அதை நிறுத்தும் வழி எனக்குத் தெரியவில்லை.

பிறகு அவர் சொன்னார்: "2015-இல் கார்னெகி மெலனில் கணினி அறிவியல் முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்களில் சுமார் 800 பேருக்கு இடம் கிடைத்ததாகத் தவறாக மின்னஞ்சல் அனுப்பி, சில மணி நேரத்தில் இல்லை என்றார்கள். இரண்டு நாள் பொறு. அதற்குப் பிறகு வீட்டில் சொல்லலாம்."

அவர் சொன்ன செய்தி உண்மைதான், பிறகு தேடிப் பார்த்தேன். இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னபோது, அந்த மகிழ்ச்சி என் குரலில் இல்லை என்று அம்மாவே கேட்டார். என் கணவர் அன்று பேசியது எச்சரிக்கையா, வேறு ஏதாவதா? இதை அவரிடம் கேட்கப் போவதில்லை.

கோடைமேகம்

மூத்தவர் ஐயா, 15 வரை பிடித்துக்கொள்ளுங்கள் என்று தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். போக மாட்டோம் என்று நன்றாகத் தெரிந்த இடத்தைப் பெருமைக்காக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஐந்து அழைப்பை வைத்துக்கொண்டு ஒருவர் ஏப்ரல் 14 இரவு வரை உட்கார்ந்திருந்தால், அந்த ஐந்துக்கும் பின்னால் ஐந்து மஞ்சள் நிற்கிறது. இரண்டு வரி மின்னஞ்சல்தானே?

மூன்றாம் மாடி

நான் இப்போது உள்ளே இருப்பவன், நான்காம் ஆண்டு. சேர்க்கைப் பருவத்தில் துறை அலுவலகத்துக்கு உதவியாளாகவும் இருந்தேன்.

முதலில் ஒரு திருத்தம். ஏப்ரல் 15 தீர்மானம் உதவித்தொகையோடு வரும் அழைப்புகளுக்குத்தான். அதுவும் அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களுக்கு மட்டும். சொந்தப் பணத்தில் படிக்கும் முதுநிலைப் படிப்புக்கு, மார்ச்சிலேயே பதில் சொல்லி முன்பணம் கட்டு என்று கேட்கலாம், கேட்கிறார்கள். மூத்தவர் சொல்வதை நம்பி யாரும் இடத்தை இழந்துவிடாதீர்கள்.

'பரிசீலனையில்' என்ற சொல்லுக்கு அர்த்தம் தேடாதீர்கள். குழு கூடிப் பேசி முடித்த பிறகும் அதுவேதான் இருக்கும். துறை பரிந்துரை செய்யும், மேற்படிப்பு அலுவலகம் அதைச் சரிபார்த்து அதிகாரபூர்வக் கடிதம் அனுப்பும், நடுவில் வாரங்கள் ஓடும். 2025 பிப்ரவரி, மார்ச்சில் கூட்டரசின் ஆய்வு நிதி என்னவாகும் என்று தெரியாமல் சில பல்கலைக்கழகங்கள் பிஎச்.டி. இடங்களைக் குறைத்தன. கொடுத்த இடத்தையே திரும்பப் பெற்றவையும் உண்டு. விண்ணப்பம் நல்லதா கெட்டதா என்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

என்னை உறுத்துவது ஒரு மின்னஞ்சல். அலுவலகப் பொதுப் பெட்டியில் ஒரு விண்ணப்பதாரர் எழுதியிருந்தார்: 'நான் இன்னும் பரிசீலனையில் இருக்கிறேனா என்று மட்டும் தெரிந்தால் போதும்.' யாரோ அதற்கு ஒரு சிவப்புக் கொடி போட்டு வைத்திருந்தார்கள். பிறகு பதில் எழுதலாம் என்று அடையாளம். தினமும் பெட்டியைத் திறப்பேன், கொடியோடு அது அங்கேயே இருக்கும். அவர் பெயர் பட்டியலில் இல்லை என்பது எனக்குத் தெரியும். பதில் எழுத எனக்கு அதிகாரம் கிடையாது. நாற்பது நாள். கடைசியில் எல்லாருக்கும் போகும் அந்த நான்கு வரிக் கடிதம் அவருக்கும் போனது, அந்தக் கொடியை நானே எடுத்தேன்.

விண்ணப்பதாரர் எழுதினால்தான் இந்தக் கதி. பேராசிரியருக்குப் பேராசிரியர் எழுதினால் பெரும்பாலும் அன்றே பதில் போய்விடும், நானே பார்த்திருக்கிறேன். நிழல்குடை, உங்கள் சார் எழுதியது கூட ஆராய்ச்சி செய்த நண்பருக்கு. பத்து நாள் பதில் வரவில்லை என்பதை நான் நம்பவில்லை.

மஞ்சளைப் பற்றி: எங்கள் துறையில், நேர்காணல் இன்னும் முடியாதவர்களுக்கு மஞ்சள் போடுவோம். உங்கள் துறையில் எப்படியோ.

மூத்தவர்

உதவித்தொகை பற்றிய திருத்தம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். நான் பிஎச்.டி.யை மனத்தில் வைத்து எழுதினேன், அதைச் சொல்லியிருக்க வேண்டும். பிடித்துக்கொள்ளுங்கள் என்றது முடிவெடுக்க முடியாதவர்களுக்கு. பெருமைக்கு வைத்திருப்பவர்களுக்கு இல்லை. கோடைமேகம், கோபம் வேண்டாம் அம்மா.

தம்பி ஏன் 'தவறான எண்' என்று வைத்தான் என்று ஒருவர் கேட்டிருந்தார். அவனுக்கு நான் போவது பிடிக்கவில்லை. அப்போது அவனுக்குப் பதினான்கு வயது.

கோடைமேகம்

நேர்காணல் முடியாதவர்களா? அப்படியானால் அந்த மூன்று நொடியில் நான் பார்த்தது ஒன்றுமே இல்லையா!

நிழல்குடை

மூன்றாம் மாடி எழுதியதை நான்கு முறை படித்தேன்.

அவர் அன்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னபோது முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. மேசையில் எதையோ தேடிக்கொண்டே சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, என் பொய்யைக் காப்பாற்றுவதிலேயே என் கவனம் இருந்தது. அப்படியானால் எனக்கு இடம் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும், கடிதத்தின் தேதியோடு சேர்த்து, அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

நாளை காலை பத்து மணிக்கு அவர் வகுப்பு.