2 நிமிடம் முன்பே வாசலை அடைத்தால் ரயில் நேரத்துக்குப் போய்விடுமா?

கைகாட்டி:
தாமதம் பற்றிய இழையில் நேற்று ஒருவர் தீர்ப்பே எழுதிவிட்டார்: புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே ரயிலுக்கான நுழைவு வாசலை அடைக்க வேண்டுமாம், தாமதத்துக்கெல்லாம் காரணம் கடைசி நொடியில் ஓடிவருகிறவர்கள்தானாம். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பல இடை நிலையங்களில் ரயில் நிற்பதே 2 நிமிடம். அங்கேயும் புறப்பாட்டுக்கு 2 நிமிடம் முன்பே அடைத்தால் ஏறுவது யார்?

நேரந்தவறாதவன்:
எழுதியது நான்தான், பெயரைச் சொல்லியே கேட்கலாம். பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதிவேக ரயிலுக்கு 2 நிமிடம் முன்பே நுழைவை முடித்துவிடுகிறார்கள். அங்கே யாரும் ஏறாமலா இருக்கிறார்கள்?

கைகாட்டி:
அடைப்பதால்தான் நேரத்துக்குப் போகிறது என்று யார் சொன்னது? கதவின் அகலம், படியின் உயரம், எத்தனை பேர் இறங்குகிறார்கள், தன் பெட்டி எங்கே நிற்கும் என்று பயணிக்குத் தெரியுமா, இதெல்லாம்தான் கணக்கு. ஜப்பானில் புல்லட் ரயில் நடைமேடையில் பெட்டி எண்ணும் கதவு நிற்கும் இடமும் குறித்திருக்கும், ரயில் வருமுன்பே அங்கே வரிசை நிற்கும். அது இல்லாத ஊரில் 3ஆம் பெட்டிக்காரர் 12ஆம் பெட்டி அருகே காத்திருப்பார். கையில் சூட்கேசோடு கிடைத்த கதவில் ஏறி, நடைவழியில் எதிரே வருகிறவரோடு முட்டிக்கொண்டு நிற்பார். பின்னால் படியில் நாலு பேர், கீழே இன்னும் பத்துப் பேர். நிமிடம் அங்கேதான் போகிறது, வாசலில் இல்லை.

நேரந்தவறாதவன்:
ஜப்பானை இழுக்காமல் உங்களுக்கு ஒரு பதிவும் வராதா? 2017இல் ரயிலை 20 விநாடி முன்னதாகக் கிளப்பிவிட்டு மன்னிப்புக் கேட்டதும் அவர்கள்தானே?

கைகாட்டி:
ட்சுகுபா எக்ஸ்பிரஸ். 9:44:40க்குக் கிளம்ப வேண்டியது 9:44:20க்கே கிளம்பியது. 20 விநாடிக்கே அங்கே மன்னிப்பு. நீங்கள் பயணியிடமிருந்து 2 நிமிடத்தையே பிடுங்கச் சொல்கிறீர்கள்.

படிக்கட்டு:
சக்கர நாற்காலியில் வருகிறவருக்குச் சாய்தளம் போட்டு எடுக்கும் நேரத்தை இரண்டு பேருமே பேசவில்லையே? நடைமேடையும் பெட்டித் தரையும் ஒரே மட்டமாக இருந்தால் அந்த நேரம் மிச்சம்.

நேரந்தவறாதவன்:
அது வேறு விஷயம். நான் சொன்னது தொடக்க நிலையத்து நுழைவு. ஒருவருக்காக ரயில் கார்டு கதவைத் திறந்தால் அவர் பின்னாலேயே மூன்று பேர் வருவார்கள். ரயில் 1 நிமிடம் பிந்தினாலே பின்னால் வருகிற ரயிலுக்கு மஞ்சள் சிக்னல் விழும், அது வேகத்தைக் குறைக்கும். சந்திப்பில் முறை தவறிவிடும், குறுக்கே போகிற ரயிலை விட்ட பிறகுதான் வழி கிடைக்கும். 1 நிமிடம் 10 ஆவது அப்படித்தான்.

கைகாட்டி:
தொடக்க நிலையம் என்று நேற்று ஒரு எழுத்துகூட இல்லை, 2 நிமிடம் என்றுதான் இருந்தது. சரி, தொடக்க நிலையமே ஆகட்டும். நியூயார்க் பென் நிலையத்தில் நடைமேடை எண்ணைக் கடைசி நேரத்தில்தான் அறிவிக்கிறார்கள். அதுவரை மேலே காத்திருக்கிற கூட்டம் மொத்தமும் குறுகலான படிகளில் ஒரே நேரத்தில் இறங்குகிறது. உங்கள் வாசலையும் அங்கே கொண்டுபோய் அடைத்தால் பாதிப் பேர் படியிலேயே நிற்பார்கள். நடைமேடை உயரம் பற்றிய இழையிலும் இப்படித்தான் நழுவினீர்கள். நான் அங்கே போட்ட நடைமேடைப் படத்துக்கு இன்றுவரை பதில் இல்லை.

நேரந்தவறாதவன்:
அது சரக்கு ஏற்றும் மேடை. அப்போதே சொன்னேன்.

படிக்கட்டு:
இப்போது அந்தப் படம் எதற்கு?

கைகாட்டி:
சரக்கு மேடையில் பயணிகளுக்கான மஞ்சள் கோடு ஏன் இருக்கிறது? படத்தை மறுபடி போடுகிறேன், கோடு தெரிகிறதா இல்லையா என்று மட்டும் சொல்லுங்கள்.